ஊருக்கெல்லாம் தெரிந்தது, ஓட்டியவருக்குத் தெரியவில்லை!

2023-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி. பிரான்ஸ் தேசத்தின் மேற்குக் கரையில் உள்ள லே சாப்ல் தொலோன் என்ற துறைமுகப் பட்டினத்தில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். எல்லாருடைய கண்களும் கடலின் மேல். அங்கே, காற்று ஓய்ந்துபோன தண்ணீரில், சுமார் முப்பத்தாறு அடி நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்று ஆமை நகருவதுபோல் நகர்ந்து வந்து கொண்டிருந்தது. படகின் பெயர் 'மின்னஹாஹா'. அதில் இருந்தது ஒரே ஒரு ஆத்மா. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிர்ஸ்டன் நொய்ஷேபர் என்னும் பெண்மணி, வயது நாற்பது.

முந்திய வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதி இதே துறைமுகத்திலிருந்து பதினாறு பேர் தனித்தனிப் படகில் புறப்பட்டார்கள். எந்தத் துறைமுகத்திலும் இறங்காமல், யார் துணையும் இல்லாமல், பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர வேண்டும். அதுதான் 'கோல்டன் குளோப்' பந்தயம். பதினாறு பேரில் பதினைந்து பேர் ஆண்கள். அந்தப் பதினைந்து பேரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, 235 நாள் கழித்து முதலாவதாக வந்து கொண்டிருந்தவர் இந்தப் பெண்மணி.

இந்தச் செய்தி கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பந்தயக்காரர்கள் வெளியிட்ட தேசப் படத்தைத் தினம் பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். அவர் கிர்ஸ்டன்! முடிவுக் கோட்டை நெருங்கும் வரையில், தாம்தான் முதல் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியாது.

இது என்ன வேடிக்கை என்கிறீர்களா? பந்தயத்தின் விதி அப்படி. முதல் முதலாக இந்தப் பந்தயம் நடந்தது 1968-இல். ஆகவே அந்த வருஷத்தில் என்னென்ன சாதனங்கள் இருந்தனவோ அவற்றைக் கொண்டுதான் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று கட்டளை. சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து, 'செக்ஸ்டண்ட்' என்ற கருவியால் கோணம் எடுத்து, கணக்குப் போட்டு, காகிதப் படத்தில் புள்ளி வைத்துக் கொள்ள வேண்டும். இருக்கும் இடத்தைத் தானே சொல்லும் நவீனக் கருவியும் படகில் உண்டு. ஆனால் அது முத்திரை வைத்த பெட்டிக்குள் இருக்கும். உயிருக்கு ஆபத்து வந்தாலொழிய முத்திரையை உடைக்கக் கூடாது. உடைத்தால் பந்தயத்தில் ஸ்தானம் போய்விடும்.

அதே சமயத்தில் பந்தயம் நடத்துகிறவர்கள் படகின் மேல் தட்டில் இன்னொரு சிறிய பெட்டியைப் பொருத்தி அனுப்பினார்கள். அது இருக்கும் இடத்தை விடாமல் ஆகாய மார்க்கமாக உலகத்துக்கு அறிவித்துக் கொண்டே இருக்கும். படகில் இருப்பவருக்கு மட்டும் ஒன்றும் சொல்லாது!

காதும் வாயும்

'டிராக்கர்' என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். லாரியில் வைக்கிறார்கள், பள்ளிக்கூட வேனில் வைக்கிறார்கள், மீன்பிடி விசைப்படகில் வைக்கிறார்கள். ஆகாயத்தில் செயற்கைக் கோள் ஒன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் கொண்டு நம் வண்டியையே உற்றுப் பார்த்துக் கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கோளுக்கு நம் வண்டி இருப்பதே தெரியாது.

கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். ஊரில் நாலு கோயில்கள் இருக்கின்றன. நாலிலும் சரியாக ஆறு மணிக்கு மணி அடிக்கிறார்கள். நீங்கள் வீட்டு மாடியில் கையில் கடிகாரத்தோடு நிற்கிறீர்கள். பெருமாள் கோயில் மணி ஒரு விநாடி தாமதித்துக் கேட்கிறது. சிவன் கோயில் மணி மூன்று விநாடி தாமதித்துக் கேட்கிறது. சப்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆகவே எந்தக் கோயில் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு விடலாம். எல்லாத் தூரமும் ஒன்றுகூடிப் பொருந்தும் இடம் எதுவோ, அதுதான் உங்கள் வீட்டு மாடி. அர்ச்சகருக்கு நீங்கள் அங்கே நிற்பது தெரியுமா? தெரியாது. அவர் மணி அடித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

'ஜி.பி.எஸ்.' என்கிற அமெரிக்க ஏற்பாடும் இப்படித்தான். பூமிக்கு மேலே 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது கோள்கள் வரையில் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "இப்போது மணி இத்தனை, நான் இருக்கும் இடம் இது" என்று ஒவ்வொன்றும் சதா ஒலிபரப்பிக் கொண்டிருக்கிறது. நம் கருவி நாலு கோள்களின் குரலையாவது கேட்டுக் கணக்குப் போட்டுக் கொள்கிறது. ஐன்ஸ்டீனின் சார்புத் தத்துவம் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தத் தத்துவப்படி, உயரத்தில் உள்ள கடிகாரம் நாள் ஒன்றுக்கு ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடும். அதைத் திருத்திக் கொள்ளாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் பிசகிவிடும். நாம் ஆர்டர் செய்த இட்லி செங்கற்பட்டுப் பக்கம் போனாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை!

1983 செப்டம்பரில் கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் ராணுவத்துக்கென்று செய்த இந்த ஏற்பாட்டைப் பொதுமக்களும் உபயோகிக்கலாம் என்று அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. ஆனாலும் பொதுமக்களுக்கு வந்த ஒலிபரப்பை 2000-ஆம் வருஷம் மே மாதம் வரையில் வேண்டுமென்றே கொஞ்சம் கலக்கித்தான் கொடுத்து வந்தார்கள். இந்தியாவுக்கும் 'நாவிக்' என்ற பெயரில் சொந்தக் கோள்கள் உண்டு; முதலாவது கோள் 2013 ஜூலையில் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து கிளம்பியது.

இதெல்லாம் கருவியின் காது. காது மட்டும் இருந்தால் வண்டி ஓட்டுகிறவருக்கு இடம் தெரியும். வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. வீட்டுக்கும் தெரிய வேண்டுமானால் கருவிக்கு வாய் வேண்டும். லாரியிலும் வேனிலும் அந்த வாய், டெலிபோனில் போடுகிற அதே 'சிம்' அட்டைதான். காதால் கேட்டுத் தெரிந்து கொண்ட இடத்தை, பக்கத்திலுள்ள டெலிபோன் கோபுரம் வழியாக முதலாளிக்குச் சொல்லி விடுகிறது. சிம் அட்டைக்குப் பணம் கட்ட மறந்தால் வாய் அடைத்துப் போகும். வண்டி எங்கே என்று கருவிக்கு மட்டும் தெரிந்திருக்கும்!

டில்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை யாரும் மறந்திருக்க முடியாது. அதையொட்டி எழுந்த கோரிக்கைகளின் பலனாக 2016-இல் மோட்டார் வாகன விதிகளில் ஒரு புதிய விதி சேர்ந்தது. பொதுமக்கள் ஏறும் பஸ், டாக்ஸி முதலிய வாகனங்களில் இடம் காட்டும் கருவியும், ஆபத்தில் அமுக்குவதற்குப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. 2019 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு பதிவாகும் வண்டிகளுக்கு இது கட்டாயம். ஆட்டோ ரிக்ஷாக்களுக்கு விலக்கு. நல்ல விதிதான். சிவப்புப் பொத்தானைப் பார்த்தால் மனத்துக்குக் கொஞ்சம் தெம்பாகவே இருக்கிறது. ஆனால் குழந்தையை வேனில் ஏற்றிவிடும் தாய்மார்கள், "கருவி இருக்கிறதா?" என்று கேட்டதோடு திருப்தி அடைந்து விடுகிறார்கள். "பொத்தானை அமுக்கினால் மறு முனையில் எடுப்பது யார்? ராத்திரி எட்டு மணிக்கும் அங்கே ஆள் இருப்பாரா?" என்று கேட்பது அபூர்வம். கேட்டால் அநேகமாக ஒரு சங்கடமான புன்னகைதான் பதிலாகக் கிடைக்கும்.

சாவிக் கொத்திலும் கைப்பையிலும் போட்டுக் கொள்ளும் சிறு வில்லைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை 2021-க்குப் பிறகு நன்றாகப் பரவி விட்டன. செயற்கைக் கோளுக்கும் அவற்றுக்கும் நேரான சம்பந்தம் இல்லை. அக்கம் பக்கத்தில் நடமாடும் மனிதர்களின் டெலிபோன்கள்தாம் அவற்றுக்கு வாய். தொலைந்த பெட்டியைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட இந்த வில்லையை ஒரு பெண்ணின் கைப்பையில் அவளுக்குத் தெரியாமல் போட்டு, அவள் போகும் இடமெல்லாம் பின்தொடரும் கயவர்களும் கிளம்பினார்கள். ஆகவே 2024 மே மாதத்தில் ஆப்பிள், கூகிள் என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. பிறத்தியாருடைய வில்லை நம்மோடு கூடவே வந்து கொண்டிருந்தால், நம் டெலிபோன் எந்தக் கம்பெனியைச் சேர்ந்ததானாலும் எச்சரிக்கும். அப்படி ஓர் எச்சரிக்கை வந்தால், 'என்னவோ' என்று தள்ளிவிடாமல் உடனே கைப்பையைக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. "ஆபீஸிலிருந்து புறப்பட்டு வந்து கொண்டே இருக்கிறேன்" என்று காப்பி ஹோட்டலில் உட்கார்ந்தபடியே சொல்லும் கணவன்மாருக்கு இந்தக் காலம் அவ்வளவு அனுகூலமாக இல்லை என்பது வேறு விஷயம்.

பொய் சொன்ன படகு

டெலிபோன் கோபுரம் கரையோடு முடிந்து போகிறது. நடுச் சமுத்திரத்தில் என்ன செய்வது? அங்கே வாயும் ஆகாயத்தில்தான் இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத காலத்தில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

1968-இல் நடந்த முதல் பந்தயத்தில் ஒன்பது பேர் புறப்பட்டார்கள். அவர்களில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இளைஞரின் படகு பம்பாயில் கட்டியது, பெயர் 'சுஹைலி'. வழியில் அவருடைய ரேடியோ கெட்டுப் போயிற்று. நவம்பரில் நியூஜிலாந்துக் கரையோரம் அவரைப் பார்த்தார்கள். பிறகு நாலு மாதத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. இருக்கிறாரா, இல்லையா என்று பெற்றோருக்கே தெரியாது. ஏப்ரலில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஓர் எண்ணெய்க் கப்பல் அவரைக் கண்ட பிறகுதான் உயிரோடு இருக்கும் செய்தி ஊருக்கு வந்தது.

இன்னொருவர் டொனால்டு கிரௌஹர்ஸ்ட். மனைவியும் நாலு குழந்தைகளும் உள்ளவர். வீட்டையும் தொழிலையும் பணயம் வைத்து, அரைகுறையாகக் கட்டிய படகில், புறப்படுவதற்குரிய கடைசி நாளான அக்டோபர் 31-ஆம் தேதி கிளம்பினார். சில வாரங்களிலேயே அந்தப் படகு தென் சமுத்திரத்தைத் தாங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினால் கடனில் முழுக வேண்டும். முன்னே போனால் கடலில் முழுக வேண்டும். அவர் மூன்றாவது வழி ஒன்றைப் பிடித்தார். தென் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக் கொண்டு, வேகமாகப் போய்க் கொண்டிருப்பதாக ரேடியோவில் பொய்யான இடங்களைச் சொல்லி அனுப்பினார். மற்றவர்கள் உலகத்தைச் சுற்றி வரட்டும். திரும்பும்போது நைஸாக அவர்களோடு கலந்து கொள்ளலாம் என்பது யோசனை.

அந்தப் பொய் ஒரு நல்ல படகை மூழ்கடித்தது. நைஜல் டெட்லி என்பவர் கிட்டத்தட்டப் பூமியைச் சுற்றி முடித்துவிட்டு வீடு திரும்பிக் கொண்டிருந்தார். பின்னாலேயே கிரௌஹர்ஸ்ட் வேகமாக வருகிறார் என்ற செய்தியை நம்பி, ஏற்கெனவே நைந்து போயிருந்த தம் படகை விரட்டினார். 1969 மே மாதம், வீடு நெருங்கும் நேரத்தில், படகு உடைந்து மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். ஜூலை 10-ஆம் தேதி கிரௌஹர்ஸ்டின் படகை ஒரு தபால் கப்பல் கண்டது. உள்ளே ஆள் இல்லை. நாட்குறிப்புகள் மட்டும் இருந்தன. அவற்றிலிருந்துதான் கதையெல்லாம் வெளியாயிற்று. ஒன்பது பேரில் பந்தயத்தை முடித்தவர் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. பரிசாகக் கிடைத்த 5,000 பவுனை அவர் கிரௌஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

புதிய பந்தயத்தில் ஒவ்வொரு படகிலும் பேசும் பெட்டி இருக்க வேண்டும் என்று ஏன் வைத்தார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

மூன்று நாள் படுக்கையில்

2018-இல் அந்தப் பந்தயத்துக்குப் புத்துயிர் கொடுத்தபோது நம் நாட்டிலிருந்து போனவர் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. கேரளத்துக்காரர். அதற்கு ஐந்து வருஷம் முன்பே ஒண்டியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர் என்ற பெயர் எடுத்தவர். அவருடைய படகு 'துரியா', பழைய 'சுஹைலி'யின் மாதிரியாகக் கோவாவில் கட்டியது.

செப்டம்பர் 21-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு மேற்கே ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் தூரத்தில், பெரும் புயல் பிடித்துக் கொண்டது. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகக் காற்று; நாலு மாடி உயரத்துக்கு அலைகள். படகு தலைகுப்புறக் கவிழ்ந்து மறுபடி நிமிர்ந்தது. பாய்மரம் ஒடிந்தது. அபிலாஷின் முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்து நிற்க முடியவில்லை. படுக்கையில் போய் விழுந்தவர் விழுந்தவர்தான்.

அப்போது கைக்கு எட்டியது ஒரு சிறு கருவி. அதில் எழுத்தெழுத்தாகத் தட்டினால் செயற்கைக் கோள் வழியாகச் செய்தி போகும். கவிழ்ந்தது, பாய்மரம் போயிற்று, முதுகில் காயம், எழுந்திருக்க முடியவில்லை என்று தந்தி பாஷையில் தட்டினார். பிறகு நடந்ததைப் பாருங்கள். தேசப் படத்தில் புள்ளி இருக்கிறது. புள்ளிக்குரியவர் அசைய முடியாமல் கிடக்கிறார் என்று தெரிகிறது. கான்பெராவில் உள்ள மீட்பு நிலையத்தார் வேலையை ஆரம்பித்தார்கள். நம் கடற்படையின் பி-8-ஐ விமானம் (அவற்றின் சொந்த ஊர் நம் அரக்கோணம்) மொரீஷியஸிலிருந்து பறந்து போய்ப் படகைக் கண்டுபிடித்தது. பக்கத்தில் வந்து கொண்டிருந்த ஐரிஷ் போட்டியாளர் ஒருவர், தம் படகின் பாய்மரமும் ஒடிந்திருக்கும் நிலையில், கிடைத்ததைக் கட்டிப் பாய் விரித்துக் கொண்டு அபிலாஷ் இருந்த திக்கை நோக்கி வந்தார். கடைசியில் 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் 24-ஆம் தேதி போய்ச் சேர்ந்து அபிலாஷைத் தூக்கிக் கொண்டது. அன்றே அந்த ஐரிஷ்காரரையும் ஏற்றிக் கொண்டது.

முதுகெலும்பில் உலோகக் கம்பிகள் வைத்துத் தைத்துக் கொண்ட அபிலாஷ் என்ன செய்தார் என்கிறீர்கள்? 2022-இல் மறுபடியும் பந்தயத்துக்குப் போனார்! கிர்ஸ்டனுக்கு இரண்டு நாள் பின்னால் இரண்டாவதாக வந்து சேர்ந்தவர் அவர்தான்.

அந்தப் பந்தயத்தின் நடுவில்தான் கிர்ஸ்டனின் பெருமையை உலகம் அறிந்தது. 2022 நவம்பர் 18-ஆம் தேதி காலை, தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே, பின்லாந்துக்காரரான தாப்பியோ லெஹ்ட்டினனின் படகில் பின்புறமாகத் தண்ணீர் புகுந்தது. ஐந்தே நிமிஷம், படகு கடலுக்கடியில் போய்விட்டது. அறுபத்துநாலு வயதுக்காரர், ரப்பர் மிதவை ஒன்றில் தாவி ஏறிக் கொண்டார். அவரோடு போன ஆபத்துக் கருவி தண்ணீர் பட்டதும் கூவ ஆரம்பித்தது. அது கூவினால் கேட்பதற்கென்றே கோள்கள் இருக்கின்றன. அந்த ஏற்பாட்டின் சரித்திரமும் விசேஷமானதுதான். அமெரிக்காவும் சோவியத் ருஷ்யாவும் ஒன்றையொன்று முறைத்துக் கொண்டிருந்த நாளில், கனடாவையும் பிரான்ஸையும் சேர்த்துக் கொண்டு 1979-இல் இதற்கு மட்டும் கைகோத்துக் கொண்டன. 1982 செப்டம்பரில் கனடாவின் மலைக் காட்டில் விழுந்த சிறு விமானம் ஒன்றில் இருந்த மூன்று பேரை முதல் முதலாகக் காப்பாற்றியது ஒரு சோவியத் கோள்!

தாப்பியோவுக்குச் சுமார் நூறு கடல் மைல் தூரத்தில் கிர்ஸ்டன் இருந்தார். பந்தயக்காரர்களிடமிருந்து செய்தி வந்தது. முத்திரையை உடைத்துக் கருவியை எடுத்துக் கொள்ளும்படி அனுமதியும் வந்தது. இரவு முழுவதும் தாமே சுக்கானைப் பிடித்துப் படகைச் செலுத்தினார். அபிலாஷும் தம் படகைத் திருப்பிக் கொண்டு கிளம்பினார். காலையில் கிர்ஸ்டன் இடத்துக்கு வந்துவிட்டார். ஆனால் மிதவை கண்ணில் படவில்லை. எங்கே பார்த்தாலும் மலை மலையாக அலை. மிதவையில் இருந்தவருக்கு அவருடைய பாய் தெரிகிறது. அவருக்கு மிதவை தெரியவில்லை. ஆகாயத்துக் கருவிகள் அத்தனையும் சேர்ந்து கொண்டுவந்து விட்ட பிறகும், கடைசி நூறு கஜத்துக்கு மனிதக் கண்தான் வேண்டியிருந்தது. கையடக்க ரேடியோவில் அவர் "இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு" என்று சொல்லச் சொல்லக் கண்டுபிடித்து, கயிறு வீசி, மேலே ஏற்றிக் கொண்டார். ஒரு கோப்பை ரம் கொடுத்து உபசரித்தார். பிறகு வந்த சரக்குக் கப்பலில் அவரை ஏற்றி அனுப்பிவிட்டு, மறுபடியும் கருவியை மூடி வைத்து, சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொண்டு தம் வழியே போனார். இந்த உபகாரத்துக்காக அவர் கணக்கில் 35 மணி நேரம் கழித்துக் கொடுத்தார்கள்.

நம் கரையில்

அபிலாஷைக் காப்பாற்றியதற்குப் பத்து மாதம் முன்னால், இதே இந்து மகா சமுத்திரத்தின் வட கோடியில், நம் கன்னியாகுமரி ஜில்லாவில் நடந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

2017 நவம்பர் 30-ஆம் தேதி 'ஒக்கி' புயல் குமரி முனைக்கு அருகே கடந்து போயிற்று. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி முதலிய ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் பேர் போனவர்கள். லட்சத்தீவுக்கு அப்பாலும் போய், வாரக் கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். மாதா கோயில் கோபுரத்தையும் பின்னாலுள்ள மலையையும் ஒரே கோட்டில் பார்த்துக் கடலில் இடம் குறித்துக் கொள்ளும் வித்தை அவர்களுடைய பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்தது. பேரன்மாருடைய விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது! கிர்ஸ்டனுடைய கதையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது அல்லவா? காது இருந்தது; வாய் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் கரையின் டெலிபோனுக்கும் ரேடியோவுக்கும் எட்டாத தூரத்தில் இருந்தன.

சில படகுகள் மகாராஷ்டிரக் கரையில் போய் ஒதுங்கின. அதில் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்ற சேதி வீட்டுக்கு வரவே நாட்கள் ஆயின. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. எங்கே தேடுங்கள் என்று சொல்வதற்கு யாரிடமும் ஒரு புள்ளி இல்லை. டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கூடித் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களில் பெண்கள் எத்தனையோ பேர். தேடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. கணவன் போனானா இருக்கிறானா என்று தெரியாமல், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும் கொடிய தண்டனை ஒன்று உண்டா?

அதன் பிறகு சில காரியங்கள் நடந்திருக்கின்றன. 2019-இல் 'ஜெமினி' என்ற சிறு கருவி வந்தது. கரைக்கு வெகு தூரத்திலும் புயல் எச்சரிக்கையைச் செயற்கைக் கோள் வழியாக வாங்கிக் கொடுக்கும். அதற்குக் காது உண்டு, வாய் இல்லை. 2024 ஆகஸ்டு 30-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கரில் நடந்த விழாவில் இன்னொரு திட்டத்தைப் பிரதம மந்திரி ஆரம்பித்து வைத்தார். கடலோர மாகாணங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் மீன்பிடி படகுகளுக்கு இலவசமாக 'டிரான்ஸ்பாண்டர்' பொருத்துவது திட்டம். இதில் காதும் உண்டு, வாயும் உண்டு. இருக்கும் இடத்தைச் சொல்லும், ஆபத்தென்றால் கூவும், கரையிலிருந்து வரும் செய்தியையும் வாங்கும். சர்வதேச எல்லைக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்யும். ராமேசுவரத்துப் பக்கத்தில் அந்த ஒரு வசதிக்கே எவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் மீனவர்களுக்குச் சில தயக்கங்கள் ஏற்பட்டால் அவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. மீன் எங்கே கிடைக்கும் என்பது தொழில் ரகசியம். அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாததை, ஆகாயத்தில் இருக்கும் பெட்டிக்குச் சொல்லு என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? எல்லைக் கோட்டைத் தாண்டினால் காப்பாற்ற வருவார்களா, அபராதம் போட வருவார்களா என்ற கேள்வியும் நியாயமானதே. இவற்றுக்கெல்லாம் அதிகாரிகள் குப்பத்துக்கே போய் உட்கார்ந்து பதில் சொன்னால்தான் கருவி மேல் தட்டில் இருக்கும். இல்லாவிட்டால் துணி சுற்றி மூலையில் கிடக்கும்.

இன்னொரு கருவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் விண்வெளி நிறுவனம் செய்த ஆபத்து அறிவிப்புக் கருவி அது. 2010 முதல் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவை உபயோகத்துக்கு வந்திருக்கின்றன. படகு மூழ்கினாலோ தீப்பிடித்தாலோ பொத்தானை அமுக்கினால், செய்தி பெங்களூரில் உள்ள நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மீட்பு நிலையங்களுக்குப் போகும். சென்னையில் ஒன்று, மும்பையில் ஒன்று, போர்ட் பிளேரில் ஒன்று. ஆனால் பழைய கருவியில் ஒரு குறை இருந்தது. அமுக்கியவருக்குப் பதில் கிடையாது. அலை நடுவில் பொத்தானை அமுக்கிவிட்டு, யாருக்காவது கேட்டதா, கேட்கவில்லையா என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் வெளிவந்த புதிய கருவி அப்படி இல்லை. செய்தி கிடைத்தது என்று கரையிலிருந்து பதில் போகும். கருவியைக் கைத் தொலைபேசியோடு இணைத்துக் கொண்டால், அந்தப் பதிலைத் தமிழிலேயே படித்துக் கொள்ளலாம்.